ஏழாம் மரத்துப் பழம்

கரம்பன்,
12.03.2024

அன்பு மருமகள் துஷாந்திக்கு,

மாமி யோகம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் அண்ணை, அதுதான் உன் கொப்பர் சுகம், கொம்மா சுகம், நான் சுகம். சீனி வருத்தம் மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. கலியாணம் கட்டாதவளுக்கு அதுவாவது துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண்டிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லாவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் நீ வளர்க்கிற பூஞ்சணத்துக்கே எல்லாவற்றையும் தீத்திவிடுகிறாயா?

போன் இருக்க ஏன் இவள் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் கொம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவா. பிறகு நான் இருமினாலும் ஊர்காவற்றுறைச் சந்தி வரை கேட்கும். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படி. சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குச் சொல்லாதே.

விசயம் இதுதான். எங்கள் ஒன்பது கறுத்தக்கொழும்பான் மாமரமும் இரண்டு வருசமாகப் படுகிற பாடு உனக்குத் தெரியும். காயாக நிற்கும்போது பார்த்தால் கண்ணூறு பட்டுவிடும், அவ்வளவு வடிவு. ஆய்ந்து வைக்கோலுக்குள் வைத்து நாலாம் நாள் பார்த்தால் கறுப்புப் புள்ளி. ஆறாம் நாள் கையில் எடுக்க ஏலாது. போன வருசம் கோயிலடியில் ஒருத்தி என்னைப் பார்த்து, "யோகமக்கா, நீங்கள் தந்த மாம்பழத்தை மாடும் மணந்து பாத்திட்டுப் போட்டுது" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கொப்பர் ஒரு முடிவோடு இருக்கிறார்.

"இந்த வருசமும் அழுகினால், ஆடி முடியமுன்னம் ஒன்பதையும் அரிஞ்சு விழுத்திப்போட்டுத் தென்னம்பிள்ளை வைப்பன்."

"அண்ணை, அது நான் வாளியால தண்ணி ஊத்தி வளத்த மரம்."

"அப்ப அழுகலையும் நீயே தின்."

"எனக்குச் சீனி. தின்ன ஏலாது."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது இந்த வளவில் வீட்டுக்குக் கூரை இல்லை. கூரை போட முதல் நான் நட்டவை அந்த ஒன்பதும். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

நீ படிப்பது பழத்தை அழுகப் பண்ணுகிற பங்கசு என்ற பூஞ்சணத்தைப் பற்றித்தானே. அதற்குப் பரம்பரை பார்க்கிறாய் என்று கொம்மா சொல்லித் திரிகிறா. உனக்கு இருபத்தெட்டு வயதாகியும் குறிப்புப் பார்க்க ஆள் இல்லை, நீ பங்கசுக்குப் பார்க்கிறாய். சரி, எங்கள் மரத்தில் இருக்கிறவருக்கும் ஒருக்கால் பார். அவருக்கு எப்போது கெட்ட காலம் தொடங்குகிறது என்று எனக்கு எழுது.

காதுக்குப் பஞ்சு வை. பனி கூடாது.

ஒன்பது மரங்களுக்காகவும் தனக்காகவும்,
மாமி

—

கண்டி,
25.03.2024

அன்பான மாமிக்கு,

சுகமாக இருக்கிறேன். இங்கு பனி இல்லை, வெயில். பஞ்சு வேண்டாம். உங்கள் சீனி அளவு எப்படி? மாதத்து முதல் செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறீர்களா? அம்மா சொல்கிறா, முந்தி நாள் கடத்துகிற நீங்கள் இப்போது விடியவே சீலை உடுத்திக்கொண்டு வெளிக்கிடுகிறீர்களாம். நல்லது.

உங்கள் எழுத்தில் மூன்றே மூன்று பிழை. என் கூட்டாளி இந்துஜாவின் ஆய்வுக் கட்டுரையில் இதைவிட அதிகம்.

மாமி, மாம்பழத்தை அழுகச் செய்யும் பங்கசு பழம் பழுத்த பிறகு வருவதில்லை. பிஞ்சாக இருக்கும்போதே மழைத்துளியோடு வந்து தோலுக்குள் இறங்கிவிடும். பிறகு மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும். காய் கனியத் தொடங்கியதும் எழும்பும். அதனால்தான் ஆயும்போது வடிவாக இருக்கிறது.

எனக்கு ஒரு உதவி வேண்டும். மரங்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம் போடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் அழுகத் தொடங்கிய பழம் இரண்டு எடுத்து, இலக்கம் எழுதி அனுப்புங்கள். அழுகியதுதான் வேண்டும், மறந்துவிட வேண்டாம். அந்த அழுகலில் இருந்து பங்கசுவை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்து, அதன் டீ.என்.ஏ.யைப் படித்துப் பார்க்கிறேன். அது யார், எங்கிருந்து வந்தது, எந்த மருந்துக்குச் சாகும் என்பது அதில் எழுதியிருக்கும்.

அப்பாவிடம் நானும் சொல்கிறேன். ஆடி வரை பொறுக்கட்டும்.

அன்புடன் கைபிடித்து,
துஷாந்தி

—

கரம்பன்,
14.05.2024

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் சுகம். கொம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோ. நான் தைலம் பூசிவிட்டால், அழுத்திவிட்டேன் என்று கத்துகிறா. பூசாமல் விட்டால், கவனிக்கவில்லை என்று கத்துகிறா. நீ கத்தாமல் இருக்கிறாயா?

யாழ்ப்பாணத்து பஸ்சில் சவுக்காரப் பெட்டி ஒன்று வருகிறது. கொண்டக்டர் தம்பியிடம், "இது எங்கடை பிள்ளையின்ரை படிப்பு, மேல ஒண்டும் வையாதேயும்" என்று சொல்லித்தான் ஏற்றினேன். அவர், "படிப்பு நல்ல வாசமாக் கிடக்கு அக்கா" என்று மணந்து பார்த்தார். பதினெட்டுப் பழம் இருக்கவேண்டும். எண்ணிப் பார். பதினேழு என்றால் படிப்பு அவர் வயிற்றுக்குள்.

ஒவ்வொன்றுக்கும் காம்படியில் கடதாசி ஒட்டி இலக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். ஏழாம் இலக்கம் கொஞ்சம் கோணலாக இருக்கும். பேனை சறுக்கிவிட்டது. வேறொன்றுமில்லை.

இந்தப் பதினெட்டையும் சேர்க்க நான் பட்ட பாடு கடலுக்குத்தான் தெரியும்.

வேறு புதினம் இல்லை. போன கிழமை அனலைதீவுக்கு வள்ளம் ஏறி ஐயனார் கோயிலுக்குப் போய் வந்தேன். உன் பெயரிலும் ஒரு அருச்சனை. நல்ல மாப்பிள்ளை வரவேண்டும், அவருக்கு முகத்தில் பூஞ்சணம் இருக்கக்கூடாது என்று கேட்டேன்.

உன் சுகம் சொல்லும் அடுத்த கடிதம் வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும்,
மாமி

—

கண்டி,
29.05.2024

அன்பான மாமிக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் மெதுவாகப் பூசுங்கள்.

மாமி, என்ன செய்திருக்கிறீர்கள்! அழுகியது வேண்டும் என்று அவ்வளவு அழுத்தி எழுதினேனே. பெட்டியைத் திறந்தால் பதினெட்டும் தட்டத்தில் வைத்துச் சம்பந்தம் பேசப் போகலாம் போல இருக்கின்றன! ஆய்வுகூடம் முழுக்க வாசம். என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு என்ன வருத்தம்?" என்று கேட்டா. இந்துஜா நாலாம் மரத்துப் பழத்துக்குக் கத்தியே எடுத்துவிட்டாள். நான் கையில் அடித்தேன்.

என்றாலும் உங்கள் நல்ல பழங்கள் என்னைக் கைவிடவில்லை. மேசையில் வைத்தேன். ஐந்தாம் நாள் எல்லாவற்றிலும் புள்ளி. நான் சொன்னேனே, உள்ளே படுத்திருந்தவர் எழும்பிவிட்டார். ஏழாம் மரத்துப் பழம் இரண்டு மட்டும் அப்படியே இருந்தன. பத்தாம் நாள்தான் ஒன்றில் கடுகளவு புள்ளி வந்தது. இப்போது ஒன்பது மரத்துப் பங்கசுவும் கிண்ணங்களில் வளர்கின்றன.

இனி டீ.என்.ஏ. பார்க்கவேண்டும். மூன்று கிழமை ஆகும். ஏழாம் மரத்துக்கு என்ன விசேசம்? வேறு பசளை போட்டீர்களா? அப்பா மருந்தடிப்பது எல்லா மரத்துக்கும் ஒரே அளவா?

கோபமில்லாமல், ஆனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு,
துஷாந்தி

—

கரம்பன்,
08.06.2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். அங்கும் அதுவே இருக்கவேண்டும்.

நீ என்னை ஏசினாலும் பரவாயில்லை. பிள்ளை, அழுகின பழத்தை ஆர் மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்? பெட்டியில் எங்கள் வீட்டு விலாசம் எழுதியிருக்கிறது. உன் மேடம் திறந்து பார்த்து, "துஷாந்தியின்ரை ஆக்கள் இதைத்தான் சாப்பிடுகினம்" என்று நினைத்தால் உன்னை அங்கே ஆர் மதிப்பார்கள்? கை வரவில்லை. பொறுக்கிப் பொறுக்கி நல்லதாகவே வைத்துவிட்டேன். பிழை என்னுடையதுதான்.

மருந்து கொப்பர்தான் அடிக்கிறார். மூன்று வருசமாகக் கடைக்காரன் தந்த அதே வெள்ளைப் பவுடர். முதல் வருசம் நன்றாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்கவில்லை என்று இரண்டு மடங்கு அடிக்கிறார். பக்கத்தில் நின்றால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது, பங்கசுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது மரத்துக்கும் ஒரே அளவு.

ஏழாம் மரம் கிணற்றடிக்கு அங்கால், கொஞ்சம் ஒதுக்குப்புறம். காற்று வேறு. அவ்வளவுதான். அதைப் பற்றி நீ புத்தகத்தில் அதிகம் எழுதாதே. மற்ற எட்டும் கோபிக்கும்.

அவசரமாக,
மாமி

—

கண்டி,
24.06.2024

அன்பான மாமிக்கு,

நீங்கள் சுகமா? நான் மூன்று நாளாக நித்திரையில்லாமல், ஆனால் சந்தோசத்தில் இருக்கிறேன். முடிவு வந்துவிட்டது.

கிணற்றில் விழுந்த வாளியைக் கொளுக்கி போட்டு எடுப்போம் அல்லவா. அப்பாவின் மருந்தும் ஒரு கொளுக்கி மாதிரித்தான். பங்கசுவின் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. மருந்து அதைப் போய்ப் பிடித்துக்கொண்டால் பங்கசுவால் வளர முடியாது. அந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்பது பங்கசுவின் பரம்பரையலகில் நீள வரியாக எழுதியிருக்கும். உங்கள் எட்டு மரத்துப் பங்கசுவிலும் அந்த வரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் வாளியின் பிடி கொஞ்சம் கோணிவிட்டது. கொளுக்கி மாட்டாது. அப்பா பத்து மடங்கு அடித்தாலும் மாட்டாது.

மருந்து அந்த எழுத்தை மாற்றவில்லை. ஆயிரத்தில் ஒன்று முதலே அப்படி இருந்திருக்கும். மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு முழு வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆனால் ஏழாம் மரம்! அதில் எழுத்து மாறவே இல்லை. அதுமட்டுமல்ல, வேறு இடங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எட்டு மரத்துப் பங்கசுவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒற்றுமை. ஏழாம் மரத்தில் இருப்பது அவர்களுக்குச் சொந்தமே இல்லை. எங்கேயோ கடலுக்கு அப்பால் இருந்து வந்தது போல இருக்கிறது. மூன்று வருசம் மருந்தடித்த வளவில், பக்கத்து மரங்களின் நோய் தொற்றாமல் ஒரு மரம் தனியே நிற்பது பெரிய அதிசயம். மேடம் அடுத்த மாதம் ஆட்களோடு வந்து அந்த மரத்தைப் பார்க்கப் போகிறா. அப்பாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக என் படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்.

துள்ளிக்கொண்டு,
துஷாந்தி

—

கரம்பன்,
01.07.2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். மேடத்தை வரவேண்டாம் என்று சொல். இங்கே சரியான மழை.

மாமி

—

கண்டி,
05.07.2024

அன்பான மாமிக்கு,

உடம்புக்கு ஏதும் செய்கிறதா? இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை. இந்த மாதத்தில் கரம்பனில் மழையா? நான் அங்கேதான் வளர்ந்தேன் மாமி. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிற நேரம் இது.

நேற்று அப்பாவோடு கதைத்தேன். "ஏழாம் மரம் ஒண்டு காணும். அதை வைச்சுக்கொண்டு மற்ற எட்டையும் அரியப்போறன். அடுத்த வெள்ளிக்கிழமை மரம் அரியிற லவனை வாளோட வரச்சொல்லியாச்சு" என்றார். ஏழாம் மரத்தில் ஒட்டு எடுத்துப் புதுக்கன்று வைக்கலாமாம். நான் நல்ல செய்தி என்று சொன்னது இப்படிப் போய் முடியும் என்று நினைக்கவில்லை.

மாமி, ஒன்று கேட்கிறேன். ஏழாம் மரம் பற்றி எனக்குத் தெரியாதது ஏதும் இருக்கிறதா? நான் ஏசமாட்டேன். நான் எழுதுவதை நம்பித்தான் எட்டு மரம் விழப்போகிறது. அதனால் கேட்கிறேன். பன்னிரண்டாம் திகதிக்கு முதல் பதில் போடுங்கள்.

உங்களை நம்பியிருக்கும்,
துஷாந்தி

—

கரம்பன்,
13.07.2024

அன்பு மருமகள் துஷாந்திக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை பின்னேரம்தான் கிடைத்தது. கடிதத்தில் பதில் எழுதினால் நேரத்துக்கு வந்து சேராது, வாயால்தான் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. நேற்று வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். கதிரையில் இருந்து படி.

காலை ஏழு மணிக்கு லவன் மெசின் வாளோடு வந்துவிட்டான். கொப்பர் எட்டு மரத்துக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். லவன் கயிற்றை இழுத்து வாளை ஒருதரம் உறும விட்டான். நான் முதலாம் மரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"யோகம், தள்ளி நில். மரத்தூள் கண்ணில படும்."

"அண்ணை, ஏழாம் மரம் நல்ல மரம் இல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"அதுவும் மற்றதுகள் மாதிரித்தான். அதில இந்த முறை பெட்டிக்கு வைக்கிற மாதிரி ஒரு பழமும் கிடைக்கேல்லை. நான் வேற இடத்துப் பழம் இரண்டுக்கு ஏழு எண்டு எழுதி அனுப்பினனான்."

லவன் வாளை நிற்பாட்டினான். அந்த நேரம் பார்த்துக் கொம்மா குசினியால் வெளியே வந்தா.

"வேற இடம் எண்டால் எந்த இடம்?"

"அனலைதீவு."

"அங்கை உனக்கு ஆர்?"

பிள்ளை, ஊரில் இருக்கிற எல்லாக் குமருக்கும் மாப்பிள்ளை பெயர் சொல்லிப் பகிடி பண்ணுகிற எனக்கு, அந்த இடத்தில் ஒரு பெயர் வாயில் வரவில்லை. ஐம்பத்துமூன்று வயதில் காது சுடுகிறது. லவன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். கடைசியில் கொம்மாதான் சொன்னா.

"சீனிக் கிளினிக்குக்கு வள்ளத்தில வாறவர், பஞ்சலிங்கத்தார். மனிசி செத்து எட்டு வருசம். இவ முதல் செவ்வாயில முகத்துக்குப் பவுடர் போடேக்குள்ளயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ மச்சாள் சொல்லாமல் இருந்தனீங்கள்?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அதுதான் துஷாந்தி விசயம். இரண்டு சீனிக்காரர் வரிசையில் இருந்து மாம்பழத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி ஒரு வருசமாகிறது. தின்ன ஏலாததைப் பற்றிக் கதைக்க எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஐயனார் கோயிலுக்குப் போனதும் உண்மை. அங்கே பத்து நிமிசம், அவருடைய வளவில் இரண்டு மணித்தியாலம். என்னை ஆரும் சிரிக்கக்கூடாது என்றுதான் ஒளித்தேன். அந்த இரண்டு பழத்தால் எட்டு மரம் விழப்பார்த்தது.

கொப்பர் கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். எனக்குக் கிளினிக்கைப் பற்றிக் கவலை இல்லை, அவர் மரத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப ஒண்டும் நல்ல மரம் இல்லை. ஒன்பதையும் அரியவேண்டியதுதான்" என்றார்.

"ஓம் அண்ணை. கணக்குப்படி அப்பிடித்தான். ஆனால் பிள்ளைக்கு நான் பொய்யான பழம் குடுத்தனான். உண்மையான பழத்துக்கு அவள் என்ன சொல்லுறாள் எண்டு கேட்டிட்டு அரியுங்கோ."

கிணற்றுக் கட்டில் இருந்து எழும்பினார். பிறகு லவனைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. பிள்ளையின்ரை கடிதம் வரட்டும்" என்றார்.

உன் படிப்பை நான் பழுதாக்கிவிட்டேனா? மேடத்திடம் என்ன சொல்வாய்? ஏசுவதென்றால் முழுக்க ஏசி எழுது. நான் ஏச்சுக் கேட்கவேண்டிய நேரம்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டு இலேசாகிப் போன,
மாமி

—

கண்டி,
19.07.2024

என் அன்பான, கள்ள மாமிக்கு,

எல்லாரும் சுகமா? அனலைதீவிலும் சுகமா?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் அழுதேன், சந்தோசத்தில். மூன்றாம் தரம் படித்தபோது ஓடிப்போய் மேடத்திடம் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "துஷாந்தி, உன் ஆய்வில் ஒரு வருசமாக இல்லாதது இதுதான்" என்றா.

கேளுங்கள். மருந்தடித்த வளவு என்னிடம் நிறைய இருக்கிறது. மருந்தே படாத, அதே இன மாமர வளவு ஒன்றைத் தேடித் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்து மாறாததைப் பார்த்தால், நீங்கள் தெரியாமல் அதைத்தான் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். கடலுக்கு அப்பால் இருந்து வந்தது போல என்று எழுதினேனே, பங்கசு பொய் சொல்லவில்லை. ஏழாம் மரத்தை அதன் உண்மையான பழம் கொண்டு திரும்பப் பார்ப்பேன். பிழையான முடிவைத் திருத்தி, அது எப்படி வந்தது என்பதையும் எழுதுவேன். பெயர் போடமாட்டேன்.

அவருடைய மரங்களும் கறுத்தக்கொழும்பான்தான் என்றால், மரத்தில் குறை இல்லை, அப்பாவின் மருந்தில்தான் குறை. அவர் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இது: அந்தப் பவுடரை நிறுத்துங்கள். பட்ட கொப்புகளை வெட்டி எரியுங்கள், பங்கசு குடியிருப்பது அதில்தான். கடைசிக் காய் மரத்தில் இருந்தால் இருபது ஆயுங்கள். பத்தை ஐம்பத்திரண்டு பாகை வெந்நீரில் ஐந்து நிமிசம் அமிழ்த்தி எடுங்கள். வெப்பமானி ஒன்று பார்சலில் வருகிறது. மற்றப் பத்தை அப்படியே விடுங்கள். ஒன்பது நாள் வைத்துப் பாருங்கள். உள்ளே படுத்திருக்கும் பங்கசுவுக்கு எழுத்து மாறினாலும் மாறாவிட்டாலும் சூடு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அப்பா முடிவு எடுக்கட்டும்.

உங்கள் இரண்டு சீனிக்காரருக்கும் முத்தங்களுடன்,
துஷாந்தி

—

கரம்பன்,
05.08.2024

அன்பு மருமகள் துஷாந்திக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இந்த எல்லாரும் என்பதில் ஒருவர் கூடியிருக்கிறார். நீ சுகமாக இருக்கிறாய் என்பது போனில் நீ சத்தம் போட்டுச் சிரித்ததில் தெரிந்தது. கொம்மா ஸ்பீக்கரில்தான் போட்டவ.

முதலில் நீ கேட்டது. பஞ்சலிங்கத்தார் மருந்தே அடிப்பதில்லை. "அதுக்கு வள்ளத்தில போய்வர ஆரால ஏலும்" என்கிறார். வருசா வருசம் பட்ட கொப்பெல்லாம் வெட்டி எரிக்கிறார். காயை ஆய்ந்தவுடன் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கிறார். முந்தி தெற்கில் ஒரு பழக்கடையில் நின்ற காலத்தில் பார்த்ததாம். வெப்பமானி இல்லை. கையை வைத்து, "அம்மாளே" என்று சொல்லும் வரை பொறுக்க முடிந்தால் சரியான சூடாம். உன் வெப்பமானியை அவருடைய அம்மாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐம்பத்துமூன்று. ஒரு பாகைதான் பிழை.

அவர் வந்தது கொப்பர் கூப்பிட்டு. முதல் அரை மணித்தியாலம் இரண்டு பேரும் எதிரெதிர்க் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு அவர் எழும்பிப் போய் எங்கள் மூன்றாம் மரத்துப் பட்ட கொப்பைக் காட்டி, "இதை ஏன் அண்ணை வைச்சிருக்கிறியள்?" என்றார். கொப்பருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் தானே ஏணி எடுத்து ஏறி வெட்டினார். பின்னேரம் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்பது மரத்திலும் ஏறி இறங்கினார்கள். என்னைக் கட்டுகிறாரா, கொப்பரைக் கட்டுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சோதனைக்கு இருபது காய் ஆய்ந்தோம். சுடுதண்ணீர்ப் பானைக்குக் கொப்பர்தான் காவல். வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பத்தொண்டு... ஐம்பத்தொண்டரை... கொள்ளியை இழு!" என்று என்னை விரட்டிய விரட்டு கொஞ்சமில்லை. பத்தை அமிழ்த்தி எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வலப்பக்கம் வைத்தோம், அமிழ்த்தாத பத்து இடப்பக்கம். ஒருவரும் தொடக்கூடாது என்று கொப்பரே சட்டம் போட்டார்.

முந்தநாள் ஒன்பதாம் நாள். இடப்பக்கம் பத்தும் கறுப்பு. மணந்து பார்க்கவே ஏலாது. வலப்பக்கத்து வைக்கோலை விலக்கினால் மஞ்சள், பிள்ளை, தனி மஞ்சள். ஒரு புள்ளி இல்லை. ஆனால் எண்ணினால் ஒன்பது.

திரும்ப எண்ணினேன். ஒன்பது. கட்டிலைத் தூக்கிப் பார்த்தோம். கொம்மாவைப் பார்த்தேன், கொம்மா என்னைப் பார்த்தா. பிறகு இரண்டு பேருமாகக் கொப்பரைப் பார்த்தோம். அவர் வெளியே லவனோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பத்தாவது பழம் எங்கை?"

"எனக்கென்ன தெரியும்?"

"வேட்டியில மஞ்சள் கறை."

குனிந்து பார்த்தார். பிறகு லவனைப் பார்த்தார். லவன் சிரிப்பை அடக்க ஏலாமல் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நேற்று வைக்கோலுக்குள்ளால மணந்துது. எட்டாம் நாள் எப்பிடி எண்டு பாத்தனான். ஆராவது பாக்கத்தானே வேணும்" என்றார். "லவன், நீ வாளைக் கொண்டு போ. இந்த வளவில உனக்கு இனி வேலை இல்லை. வாற வருசம் கொப்பு வெட்ட வா, சின்ன வாள் காணும்."

நான் முதலாம் மரத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என்னவோ அலுவலாகப் போவது போலத்தான் போனேன். சுண்ணாம்புக் கோட்டை முந்தானையால் துடைக்கப் பார்த்தேன், போகவில்லை. இருக்கட்டும், ஐப்பசி மழை கழுவும்.

வருகிற இரண்டாம் திகதி திங்கட்கிழமை எங்களுக்குக் கலியாண எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வருவார். பந்தலும் இல்லை, மேளமும் இல்லை. பலகாரத்துக்கு மட்டும் நீ வா, எங்கள் இரண்டு பேருக்குமாக நீதான் தின்னவேண்டும். இந்துஜாவையும் மேடத்தையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே மழை இல்லை. பிறகு நான் கிழமையில் மூன்று நாள் அனலைதீவு, நாலு நாள் கரம்பன். மரத்துக்குக் கிட்ட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர், "ஓம், எனக்கும் மரம் இருக்குத்தானே" என்றார். அந்தக் கதையில் அவரை எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

இனி உன் புத்தகத்துக்குத் தரவேண்டிய கணக்கு. இந்த முறை நான் ஒன்றையும் மாற்றவில்லை, ஒளிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்:

வெந்நீரில் அமிழ்த்தாதது பத்து. பத்தும் அழுகியது.
அமிழ்த்தியது பத்து. ஒன்பது நல்லம். ஒன்று கொப்பர்.

பிள்ளையின் வரவுக்குச் சட்டி அடுப்பில் வைத்திருக்கும்,
மாமி யோகம்மா